முந்தின ராத்திரியே தீர்மானமாகும் மதியச் சாப்பாடு

திருவனந்தபுரம் கிழக்கே கோட்டையில் இறங்கி, காந்தி பூங்காவைத் தாண்டிச் சாலைக் கடைத்தெருவுக்குள் நுழைகிறவர், சர்க்கரை நோயாளிக்கு வேண்டிய மதியச் சாப்பாட்டை அந்த ஒரு தெருவிலேயே திரட்டிவிடலாம். மளிகைக் கடைகளில் சாக்குச் சாக்காகச் சிறுபயறு, பெரும்பயறு, கொண்டைக்கடலை, கொள்ளு. சிவந்த சம்பாப் புழுங்கலரிசி. தமிழ்நாட்டுப் பக்கமிருந்து லாரியில் வந்து இறங்கும் காய்கறி. குடம்புளி, மல்லி, நல்லமிளகு. எல்லாவற்றையும் அடைத்து எடுத்துப்போக எவர்சில்வர் சோற்றுப்பாத்திரமும் இங்கேயே கிடைக்கும். ஆனால் இதே தெருவில் காலையில் கடை திறந்து ராத்திரி சார்த்துகிறவர்களில் பலருக்கு மதியச் சாப்பாடு என்பது பக்கத்து ஓட்டலின் ஊண்தான். வியாபாரம் விட்டால் ஒன்றரை மணிக்கு, விடாவிட்டால் மூன்று மணிக்கு.

இது சாலைக் கடைத்தெருவின் பிரச்சினை மட்டும் என்று ஒதுக்க முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் நாடு முழுக்க நடத்திய ஆய்வின் முடிவு 2023-இல் வெளியானது. இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு. பெரியவர்களில் நாட்டுச் சராசரி 11.4 விழுக்காடு, தமிழ்நாட்டில் 14.4, கேரளத்தில் 25.5. கேரளத்தில் நாலு பேர் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தால் ஒருவருக்குச் சர்க்கரை என்ற கணக்கு. அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கி வருவது ஒரு மாத்திரைச் சீட்டும், "சோற்றைக் குறையுங்கள்" என்ற ஒரு வரியும். குறைப்பது எப்படி, குறைத்த இடத்தில் எதை வைப்பது, அதை யார், எப்போது சமைப்பது என்பதெல்லாம் அவர் வீட்டு அடுக்களையின் பாடு.

இந்தச் சாலைச் சந்தை, திருவிதாங்கூர் திவானாயிருந்த ராஜா கேசவதாஸ் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கியது. கரமனை ஆற்றையும் கிள்ளியாற்றையும் ஒட்டி வந்த சரக்கு, கோட்டைக்கு வெளியே இங்கே குவிந்தது. கிள்ளிப்பாலம் வரை நீளும் இந்தத் தெருவில் தமிழ் அன்றும் இன்றும் வியாபார மொழி. 2015-ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி விருது பெற்ற ஆ. மாதவன் இங்கே கடை வைத்துக்கொண்டே இந்தத் தெருவின் மனிதர்களை எழுதினார். கொத்துவாள் தெரு, சபாபதி கோயில் தெரு, ஆரியசாலை என்று கிளை பிரியும் இந்தப் பகுதியின் சாப்பாட்டிலும் இரண்டு ஊர் கலந்திருக்கிறது. நாஞ்சில் நாட்டுப் புளிக்கறியும் தீயலும் ஒரு பக்கம், திருவனந்தபுரத்து எரிசேரியும் புளிசேரியும் மறுபக்கம். இந்தக் கலப்புச் சமையலிலேயே நீரிழிவுக்காரருக்கு வேண்டிய மதியச் சாப்பாடு இருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை சொல்ல வருவது. ஓட்ஸும் கீன்வாவும் தேடி அலைய வேண்டாம். சோற்றின் அளவை மாற்ற வேண்டும். சமைக்கும் நேரத்தை முன்னால் தள்ள வேண்டும்.

ஒவ்வொரு குழம்புக்கும் ஒரு சோறு

ஓட்டல் ஊணின் அமைப்பைக் கவனியுங்கள். முதலில் பருப்பும் பப்படமும், அதற்குச் சோறு. அடுத்துச் சாம்பார், அதற்குச் சோறு. பிறகு புளிசேரி, ரசம், மோர். ஒவ்வொன்றும் வரும்போது இலையில் சோறு தீர்ந்திருக்கும்; "கொஞ்சம் போடட்டுமா அண்ணாச்சி" என்று பரிமாறுகிறவர் அன்போடு கேட்பார். வேண்டாம் என்று சொல்ல மனம் வராது. தேங்காய் போட்ட காய்ப் பொரியலான தோரன் இரண்டு ஸ்பூன் அளவில் இலையின் ஓரத்தில் இருக்கும். குழம்பு மாறும்போதெல்லாம் சோறு ஏறும், காய் மட்டும் ஏறாது.

வெந்த சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. மூன்று நாலு தடவை வாங்கிச் சாப்பிடுகிறவர் 400 கிராம் சோற்றைத் தாண்டுவது எளிது. அதிலேயே 110 கிராமுக்கு மேல் மாவுச்சத்து உள்ளே போய்விடுகிறது. கூடவே போளியும் பாயசமும் வந்தால் சொல்லவே வேண்டாம். சோற்றுக்குப் பதில் மரச்சீனிக் கிழங்கு சாப்பிடுகிறேன் என்று ஆறுதல்படுகிறவர்களும் இந்த ஊரில் உண்டு. இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது திருவிதாங்கூரின் வயிற்றைக் காத்தது அந்தக் கிழங்குதான்; அந்த நன்றி தீராது. ஆனாலும் எடைக்கு எடை பார்த்தால் சோற்றுக்குக் குறையாத மாவு அதில் இருக்கிறது. சர்க்கரை நோயாளிக்கு அது மாற்று ஆகாது.

சப்பாத்திக்கும் இதே கதை. அரிசியை விட்டுக் கோதுமைக்கோ சிறுதானியத்துக்கோ மாறினால் போதும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக வேரோடியிருக்கிறது. முன்சொன்ன அதே ஆய்வுத் திட்டத்திலிருந்து 2025-இல் வெளிவந்த உணவு ஆராய்ச்சி இதை நேராகவே சோதித்தது. இந்தியர்களுடைய உணவின் ஆற்றலில் 62 விழுக்காடு அளவுக்கு மாவுச்சத்திலிருந்தே வருகிறது. ஒரு தானியத்தை விட்டு இன்னொன்றின் மாவுக்கு மாறுவதால் மட்டும் நீரிழிவு அபாயம் குறைவதாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு பங்கைக் குறைத்து அந்த இடத்தில் பயறு, பருப்பு, பால், தயிர் ஆகியவற்றின் புரதத்தை வைக்கும்போதுதான் பயன் தெரிகிறது. 2022-இல் இதே குழுவினர் கணித்துச் சொன்னதும் இதையொட்டியதே: புதிதாக நீரிழிவு கண்டவர்கள் மாவுச்சத்தை மொத்த ஆற்றலில் ஏறத்தாழ பாதிக்குக் கொண்டுவந்து, புரதத்தை 20 விழுக்காட்டை ஒட்டி உயர்த்தினால், நோய் பின்வாங்க வாய்ப்பு உண்டு.

இதைச் சோற்றுப்பாத்திரத்தின் மொழியில் சொல்வதானால்: பாதி காய், கால் பங்கு பயறோ மீனோ முட்டையோ, கால் பங்கு சோறு. ஒரு கப், அதாவது 150 கிராம் சோறு போதும்.

ஞாயிற்றுக்கிழமை மாலை

காலை ஐந்து மணிக்கு எழுந்து, ஏழரைக்குள் காலைப் பலகாரமும் மதியச் சோறும் பிள்ளைகளின் டிபனும் முடிக்க வேண்டிய வீட்டில், பயறு ஊறவைக்க மறந்துபோனால் அன்றைய சாப்பாடு பருப்பும் உருளைக்கிழங்கும் நிறையச் சோறும் என்று ஆகிவிடும். உணவுக் கட்டுப்பாடு தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மனவுறுதி இல்லாததால் தோற்கிறது என்று நோயாளியைக் குற்றம் சொல்வது எனக்குச் சம்மதமில்லை. ஐந்து மணிக்கும் ஏழரைக்கும் நடுவில் புதிதாக ஒன்றைத் தீர்மானிக்க யாராலும் முடியாது. தீர்மானம் முன்கூட்டியே நடந்திருக்க வேண்டும்.

வாரம் முழுக்கச் சமைத்து ஃபிரிட்ஜில் அடுக்குங்கள் என்று வெளிநாட்டுச் சமையல் நிகழ்ச்சிகளில் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. சமைத்த உணவு ஃபிரிட்ஜில் மூன்று நாள், மிஞ்சினால் நாலு நாள். சமைத்த சோறு ஒரே நாள். ஆகவே வாரத்தை இரண்டாகப் பிரிப்பதே நம் வீடுகளுக்குச் சரி. ஞாயிறு மாலை ஒரு சமையல், புதன் மாலை ஒரு சமையல்.

சனி ராத்திரி இரண்டு வகை ஊறட்டும். ஒன்று கொண்டைக்கடலை, இன்னொன்று பெரும்பயறு அல்லது சிறுபயறு. ஞாயிறு மாலை அவற்றைத் தனித்தனியே குக்கரில் வேகவைத்து, தண்ணீரை வடித்து, ஆறவைத்து மூடி உள்ளே வைத்துவிட்டால், மூன்று நாள் காலையிலும் புரதத்துக்கு வழி தயார். கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துப் போட்டால் ஒரு நாள் சுண்டல். எரிசேரிக்குப் பூசணியோடு மறுநாள். தீயலுக்குள் போட்டால் மூன்றாம் நாள்.

காய்களில் எது வெட்டிவைக்கத் தாங்கும், எது தாங்காது என்பதில்தான் அடுக்களை அறிவு இருக்கிறது. பீன்ஸ், காரட், முட்டைக்கோஸ், பயற்றங்காய் எல்லாம் கழுவித் துடைத்து வெட்டி ஈரமில்லாத டப்பாவில் வைத்தால் இரண்டு மூன்று நாள் நன்றாயிருக்கும். கீரையும் முருங்கையிலையும் உருவிக் கழுவி, ஈரம் போக உலர்த்தித் துணியில் சுற்றி வைக்கலாம். கத்திரிக்காயும் வாழைக்காயும் வெட்டினால் கறுக்கும், வெண்டைக்காய் கொழகொழக்கும். இந்த மூன்றையும் அன்றைக்கு அன்றே அரிய வேண்டியதுதான்.

குழம்பிலும் இதே வித்தியாசம் உண்டு. பச்சைத் தேங்காயும் தயிரும் சேர்ந்த அவியல் முதலில் கெடும்; வெயில் காலத்தில் மதியத்துக்கே வாடை வந்துவிடும். முன்கூட்டிச் சமைக்கிறவர் அவியலை ஞாயிறு மத்தியானம் வீட்டிலேயே சாப்பிட்டுத் தீர்ப்பது நல்லது. தீயல் அப்படியில்லை. தேங்காயைச் சிவக்க வறுப்பதால் அதன் ஈரம் போகிறது. புளி சேருவதால் குழம்பு புளிப்பேறுகிறது. கிருமிகள் பெருகுவது இரண்டாலும் மட்டுப்படுகிறது. மசாலாவை மட்டும் வறுத்துப் பொடித்து வைத்துக்கொண்டால் காலையில் பதினைந்து நிமிடத்தில் சின்ன உள்ளித் தீயல் இறக்கிவிடலாம். குடம்புளி போட்ட சாளை மீன் கறி மறுநாள்தான் ருசி என்பது இந்தக் கடற்கரையில் எல்லோரும் அறிந்தது. புரதமும் நல்ல கொழுப்பும் உள்ள, விலை தாங்கக்கூடிய மீன் சாளை. பொரிக்காமல் கறியாக்கினால் சர்க்கரை நோயாளிக்கு அதைவிட நல்ல துணை இல்லை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். தோரனில் தேங்காய் கைநிறையப் போடுவது நம் பழக்கம். காயின் அளவு இரட்டிப்பாகும்போது தேங்காயையும் இரட்டிப்பாக்கினால் கொழுப்பு ஏறிவிடும். அதை வாசனைக்கு மட்டும் நிறுத்திக்கொள்ளுங்கள். உப்பும் அப்படித்தான். நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஊறுகாயும் பப்படமும் உப்பு மிளகாயும் ஒரே வேளையில் அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும்.

ஆறிய சோறு: நன்மையும் ஆபத்தும்

சோற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே நல்ல செய்தியும் எச்சரிக்கையும் ஒன்றாக வருகின்றன.

வெந்த சோறு குளிரும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி எளிதில் செரிக்காத வடிவத்துக்கு மாறுகிறது. இந்தோனேசியாவில் 2015-இல் வெளியான ஆய்வில், புதிதாக வடித்த சோறு 100 கிராமில் 0.64 கிராமாக இருந்த இந்தச் செரிக்காத மாவு, 24 மணி நேரம் 4 டிகிரியில் குளிரவைத்துத் திரும்பச் சூடாக்கிய சோற்றில் 1.65 கிராமாக உயர்ந்திருந்தது. அதைச் சாப்பிட்டவர்களுக்கு இரத்தச் சர்க்கரை ஏறியதும் குறைவு. அதாவது முந்தின நாள் வடித்து ஃபிரிட்ஜில் வைத்த சோறு, அதே அளவு சுடுசோற்றைவிட ஓரளவு நல்லது. ஓரளவுதான், அதை நம்பி இரண்டு கப் சாப்பிட்டால் கணக்கு பொய்த்துவிடும்.

எச்சரிக்கை இது. அரிசியோடு வரும் பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிக்கும் தண்ணீரிலும் சாவதில்லை. சோற்றை வெளியே ஆறப்போட்டு அப்படியே ராத்திரி முழுக்க விட்டால் அவை முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு, காலையில் எவ்வளவு சூடாக்கினாலும் போகாது. திருவனந்தபுரத்தின் ஈரவெப்பத்தில் இது வேகமாக நடக்கும். ஆகவே வடித்த சோற்றை அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்து, ஒரு கப் ஒரு கப்பாகச் சின்ன டப்பாக்களில் பிரித்து, ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். காலையில் ஆவி பறக்கச் சூடாக்கி, சூடு காக்கும் பாத்திரத்தில் அடைக்க வேண்டும். கடைத்தெருவில் ஃபிரிட்ஜும் இருக்காது, திரும்பச் சூடாக்க வசதியும் இருக்காது. அதனால் சூடு காக்கும் பாத்திரத்துக்குச் செலவழிக்கும் பணம் வீணல்ல. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் சோற்றை முந்தின நாள் வடிக்கவே வேண்டாம். பயறு ஊறவைப்பது, மசாலா வறுப்பது, நேரமெடுக்கும் காயை முந்தின ராத்திரி அரிந்து வைப்பது வரை செய்தாலே காலையில் பாதி வேலை மிச்சம்.

எந்த அரிசி என்று கேட்பவர்களுக்கு: புழுங்கலரிசி, அதிலும் தவிடு போகாத சிவப்பரிசி. சிவப்பாக இருப்பதெல்லாம் தவிடு உள்ளதில்லை. நன்றாகத் தீட்டிய பிறகும் கீற்றுக் கீற்றாகச் சிவப்பு நிற்கும். கையில் அள்ளிப் பார்த்து, மணி முழுக்கச் சிவந்ததாக வாங்குங்கள்.

பாத்திரத்தை அடுக்கும் விதத்திலும் ஒரு பயன் இருக்கிறது. நியூயார்க்கின் வெயில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 11 நோயாளிகளிடம் நடத்தி 2015-இல் வெளியிட்ட சிறிய ஆய்வில், காயையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டு மாவுப் பண்டத்தைக் கடைசியில் சாப்பிட்டபோது, ஒரு மணி நேரம் கழித்துச் சர்க்கரை 37 விழுக்காடு அளவுக்குக் குறைவாக இருந்தது. நம் அடுக்குப் பாத்திரம் இதற்கென்றே செய்தது போல இருக்கிறது. மேல் தட்டில் தோரன், நடுவில் சுண்டலோ மீனோ, அடியில் சோறு. மேலிருந்து திறந்து சாப்பிட்டுக்கொண்டே போனால் வரிசை தானாக அமையும்.

இன்சுலின் போடுகிறவர்களும், சர்க்கரையை இறக்கும் சில வகை மாத்திரை எடுப்பவர்களும் திடீரென்று சோற்றைப் பாதியாக்கக் கூடாது. மருந்தின் அளவு பழைய சோற்றுக்கேற்ப இருக்கும். சோறு குறைந்து மருந்து குறையாவிட்டால் மூன்று மணிக்கு வேர்த்துக் கைநடுங்கி விழ நேரும். வைத்தியரிடம் சொல்லிவிட்டே மாற்ற வேண்டும். சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்கு இங்கே சொன்ன பயறும் கீரையும் அப்படியே பொருந்தாது. அவர்களுக்குப் பொட்டாசியமும் புரதமும் அளந்தே தரப்பட வேண்டும். மூட்டை தூக்கும் சுமைத் தொழிலாளிக்கும் கல்லாவில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவருக்கும் ஒரே அளவு சோறு சொல்வதும் நியாயமில்லை. உழைக்கிற உடம்புக்கு எல்லாமே அதிகம் வேண்டும், சோறும்தான். ஆனால் அதோடு பயறும் காயும் ஏறட்டும்.

தனியாளாகச் செய்ய முடியாதது

இந்த மாவட்டத்திலேயே ஒரு பெரிய முயற்சி நடந்திருக்கிறது. ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தின் அச்சுத மேனன் மையமும் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களும் சேர்ந்து, நீரிழிவு வரும் அபாயத்திலிருந்த 1007 பேரைத் திருவனந்தபுரம் மாவட்டத்தின் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளிலிருந்து தேர்ந்தார்கள். பாதிப் பகுதிகளில் அக்கம்பக்கத்தவரிலிருந்தே சிலருக்குப் பயிற்சி தந்து, அவர்கள் தலைமையில் குழுவாகக் கூடிப் பேச வைத்தார்கள். நடைப்பயிற்சி, வீட்டுக் காய்கறித் தோட்டம் என்று சேர்ந்து செய்தார்கள். 2018-இல் முடிவு வெளியானது. இரண்டு ஆண்டில் நீரிழிவு வந்தவர்கள் குழுவாகக் கூடியவர்களில் 14.9 விழுக்காடு, மற்றவர்களில் 17.1. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்று ஆய்வாளர்களே நேர்மையாகச் சொன்னார்கள். ஆனால் காயும் பழமும் சாப்பிடுவது கூடியது, குடி குறைந்தது. இவை உறுதியாகத் தெரிந்தன. பக்கத்து வீட்டுக்காரர் கூட வந்தால் சாப்பாடு மாறுகிறது என்பதற்கு எனக்கு அது போதும். ஒரு கடையில் வேலை பார்க்கும் நாலு பேர் தங்கள் பாத்திரங்களைச் சேர்ந்து திறந்தாலே இது தொடங்கிவிடும். திங்கள் ஒருவர் சுண்டல், செவ்வாய் இன்னொருவர் மீன் என்று பங்கிட்டால் ஒவ்வொரு வீட்டுக்கும் வேலை கால்வாசி.

வீட்டு வேலை என்றதும் யாருடைய வேலை என்ற கேள்வி வருகிறது. கணவனுக்குச் சர்க்கரை என்றால் மனைவி ஐந்து மணிக்குப் பதில் நாலரைக்கு எழுந்திருக்கிறாள். மனைவிக்குச் சர்க்கரை என்றால், மற்றவர்களுக்குக் கட்டிக்கொடுத்த மிச்சத்தைச் சாப்பிட்டுவிட்டு அவளும் வேலைக்குப் போகிறாள். ஞாயிறு மாலைச் சமையலை நான் வலியுறுத்துவதற்கு இதுவே முதல் காரணம். அது எல்லோரும் வீட்டிலிருக்கும் நேரம். பயற்றங்காய் நறுக்கவும் தேங்காய் வறுக்கவும் சோற்றை அளந்து டப்பாவில் போடவும் ஆண்களுக்குத் தெரியாத வித்தை எதுவும் வேண்டாம். கடைத்தெருவில் நாள் முழுக்க நிறுத்து அளந்து கொடுக்கிற கைகள்தானே அவை.

வீட்டிலிருந்து கொண்டுவரவே முடியாதவர்களுக்கும் இந்த நகரத்தில் ஒரு வழி திறந்திருக்கிறது. 2024 மார்ச்சில், கேரளப் பெண்களின் சுயஉதவி அமைப்பான குடும்பஸ்ரீ இங்கே 'லஞ்ச் பெல்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஆப்பில் சொல்லிவைத்தால், குடும்பஸ்ரீப் பெண்கள் சமைத்த சாப்பாடு எவர்சில்வர் பாத்திரத்தில் மதியத்துக்குள் வேலையிடத்துக்கு வரும்; காலிப் பாத்திரத்தைத் திரும்ப வாங்கிப்போவார்கள். முதலில் தலைமைச் செயலகத்தைச் சுற்றியுள்ள அலுவலகங்களை மனத்தில் வைத்துத் தொடங்கினார்கள். சாதாரணச் சாப்பாட்டுக்கு 60 ரூபாய் என்றும், மீனெல்லாம் சேர்ந்ததற்கு 99 ரூபாய் என்றும் அப்போது விலை வைத்தார்கள். நாலில் ஒருவருக்குச் சர்க்கரை உள்ள ஊரில் இப்படி அளந்து, அடைத்து, ஆள் தேடி வரும் சாப்பாட்டைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. ஒரு கப் சோறு, இரண்டு பங்கு தோரன், ஒரு பங்கு பயறு என்று ஒரு பாத்திரத்தை அதே விலையில் எல்லா வேலையிடத்துக்கும், சாலையின் உள்தெருக்களுக்கும் சேர்த்து, இத்தகைய திட்டங்கள் கொண்டுவர வேண்டும். சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்டினால் செலவு ஏறும் என்பது உண்மை. அந்த வித்தியாசத்தை மாநகராட்சியும் சுகாதாரத் துறையும் தாங்கலாம், சர்க்கரையால் சிறுநீரகம் கெட்டபின் டயாலிசிஸுக்குச் செலவழிப்பதைவிட அது எத்தனையோ மடங்கு குறைவு. கடைத்தெரு ஓட்டல்காரர்களிடம் கேட்பதற்கு ஒன்றே ஒன்று இருக்கிறது: விலைப் பலகையில் ஊண், மீன் கறி, ஆம்லெட் என்ற வரிசையில் "அரைச்சோறு, இரட்டைத் தோரன்" என்று இன்னொரு வரி எழுதிப் போடுங்கள்.